பெட்ரோலுக்கும் கரண்டுக்கும் முடிச்சுப் போட்டவர்

ஹைப்ரிட் கார் என்றதும் ஜப்பான்காரன் கண்டுபிடிப்பு என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1997-ல் டொயோட்டா கம்பெனி பிரியஸ் காரை விற்பனைக்கு விட்டது உண்மைதான். ஆனால் பெட்ரோல் என்ஜினையும் கரண்ட் மோட்டாரையும் ஒரே வண்டியில் சேர்த்து ஓட்டும் வேலை அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. பெல்ஜியத்தில் ஆன்றி பீப்பர் என்பவர் ஒரு வழியில் முயன்றார். ஆஸ்திரியாவில் இன்னொருவர் வேறு வழியில் செய்து ஓட்டியே காட்டிவிட்டார். அவருக்கு அப்போது வயது 25. கையில் என்ஜினீயரிங் டிகிரி கிடையாது. பெயர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. பந்தயக் காருக்குப் பேர்போன அதே போர்ஷேதான்!

மலருக்குக் கட்டுரை கேட்டபோது ஜி.டி. நாயுடுவைப் பற்றி எழுதலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். கோவைப் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்து, மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றுக்கொண்டு, பிற்பாடு பாலிடெக்னிக்கே தொடங்கிய மாமனிதர். அவரைப் பற்றி வருஷா வருஷம் யாராவது எழுதிவிடுகிறார்கள். எழுதவும் வேண்டும். நான் போர்ஷேயை எடுத்ததற்குக் காரணம், நம்முடைய ஆட்டோமொபைல் பசங்களுக்கும் எலக்ட்ரிக்கல் பசங்களுக்கும் நடக்கும் ஓயாத சண்டை. இனிமேல் எல்லாம் எலக்ட்ரிக் வண்டிதான், உங்க கார்புரேட்டரைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க என்பது அவர்கள் கட்சி. மழைக்காலத்தில் கூடலூருக்கு வந்து பாருங்க, மரம் விழுந்து லைன் அறுந்தால் உங்க வண்டி எதில் ஓடும் என்பது எங்கள் கட்சி. போர்ஷே இரண்டு கட்சிக்கும் சொந்தக்காரர்.

1875 செப்டம்பர் 3-ஆம் தேதி, அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தின் பொஹீமியா பகுதியில் மாஃபர்ஸ்டார்ஃப் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இன்று செக் நாட்டில் இருக்கிறது. அப்பா ஆன்டன் தகரப் பட்டறை வைத்திருந்தவர். பையனும் பட்டறையில் உட்கார்ந்து தகரம் வெட்டிப் பற்றவைத்தால் போதும் என்பது வீட்டின் எண்ணம். ஆனால் ஊரிலிருந்த கம்பள ஆலையில் கரண்ட் விளக்கு எரிந்தது. பையனின் கண் அதிலேயே நின்றுவிட்டது. பகலில் அப்பாவோடு பட்டறை, ராத்திரியில் பக்கத்து நகரமான ரைஷன்பெர்க்கில் தொழில்நுட்பப் பள்ளி வகுப்பு. 1893-ல் தன் வீட்டுக்குத் தானே ஒயரிங் செய்து விளக்கை எரியவைத்தார். வயது 18. இதை எழுதும் எனக்கும் இப்போது அதே வயதுதான் என்பதால், இந்த இடத்தைப் படிக்கும்போது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். படிப்பெல்லாம் எதற்கு, கைத்தொழில் போதும் என்று சொல்லும் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். படிப்பின்மேல் வெறுப்பு இருந்து அப்படிச் சொல்வதில்லை. அடுத்த மாசத்து அரிசியை நினைத்துச் சொல்வது. ஆன்டனும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன். கடைசியில் பையனை வியன்னாவுக்கு அனுப்பிவைத்தார்.

வியன்னாவில் பேலா எக்கர் என்ற மின்சாரக் கம்பெனியில் சேர்ந்து, நாலு வருஷத்தில் சோதனைப் பிரிவுக்குத் தலைவராகிவிட்டார். வேலை நேரம் போக, வியன்னாவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து பாடம் கேட்பார். அட்மிஷன் இல்லை, ஃபீஸ் இல்லை, ரோல் நம்பர் இல்லை. நமக்கு அட்டெண்டன்ஸ் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அவருக்கு அட்டெண்டன்ஸ் என்பதே கிடையாது!

1899-ல் லோனர் என்ற வண்டிக் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. அரண்மனைக்குக் குதிரை வண்டி செய்து கொடுத்த கம்பெனி அது. குதிரையில்லாத வண்டி செய்ய வேண்டும் என்று லோனர் முதலாளிக்கு ஆசை. போர்ஷே செய்த காரியம் என்ன தெரியுமா? மோட்டாரைக் கொண்டுபோய் முன்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். இரண்டு முன்சக்கரத்துக்கும் இரண்டு மோட்டார். இதனால் கிளட்ச் போச்சு, கியர் பாக்ஸ் போச்சு, செயின் போச்சு. லோடு வண்டிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஜாயிண்ட் கட்டையும் கிரௌனும் எத்தனை முறை அவர்கள் பணத்தைத் தின்றிருக்கிறது என்று. அது எதுவுமே இந்த வண்டியில் இல்லை. கரண்ட் போனால் சக்கரம் சுற்றும், அவ்வளவுதான். 1900-ல் பாரீஸ் உலகக் கண்காட்சியில் இதை வைத்தபோது ஐரோப்பாவே திரும்பிப் பார்த்தது.

ஆனால் ஒரு தலைவலி இருந்தது. பேட்டரி! அந்தக் காலத்து ஈய பேட்டரி சுமார் 400 கிலோ. அதைச் சுமந்துகொண்டு ஒரு சார்ஜில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான் போகும். இங்கிலாந்தில் லூட்டன் நகரத்துக்காரர் ஒருவர் நாலு சக்கரத்திலும் மோட்டார் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். செய்து கொடுத்தார் போர்ஷே. அதில் பேட்டரி மட்டும் 1,800 கிலோ. யானையை டிக்கியில் ஏற்றிய கதை.

இதை நம்ம ரோட்டில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூடலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,070 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். நடுவில் 1,170 மீட்டர் ஏற வேண்டும். 400 கிலோ பேட்டரி தன்னைத்தானே அந்த உயரத்துக்குத் தூக்கிக்கொள்ளவே ஏறத்தாழ ஒண்ணேகால் யூனிட் கரண்ட் செலவாகும். வண்டிக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு தனி. 50 கிலோமீட்டர் என்பது சமதரைக் கணக்கு. கூடலூரிலிருந்து ஊட்டியும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். அந்த வண்டி நடுவட்டம் தாண்டியிருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

போர்ஷே யோசித்தார். தூரம் போக பேட்டரியைப் பெரிசாக்கினால் எடை கூடுகிறது, எடை கூடினால் தூரம் குறைகிறது. இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர ஒரே வழி, பேட்டரியைச் சின்னதாக்கி, கரண்டை வண்டிக்குள்ளேயே தயாரிப்பது. 1900-ல் இரண்டு சின்ன டி டியோன் பெட்ரோல் என்ஜின்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ஜெனரேட்டரைப் பூட்டினார். என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் எந்த இணைப்பும் கிடையாது. என்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றும். ஜெனரேட்டர் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும். மிச்சம் பேட்டரிக்குப் போகும். இதில் இன்னொரு வித்தையும் இருந்தது. ஜெனரேட்டருக்கு பேட்டரியிலிருந்து கரண்டைத் திருப்பிவிட்டால் அதுவே மோட்டாராகச் சுற்றி என்ஜினை ஸ்டார்ட் செய்துவிடும். மற்ற கார்க்காரர்கள் எல்லாம் முன்னால் நின்று கம்பியைப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. கேடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்ததே 1912-ல்தான். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் செல்ஃப் மோட்டாரைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

அந்த வண்டிக்கு செம்பர் விவஸ் என்று லத்தீனில் பெயர் வைத்தார். எப்போதும் உயிரோடு இருப்பது என்று அர்த்தம். 50 கிலோமீட்டர் போன வண்டி 200 கிலோமீட்டர் போகும் என்றானது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இன்றைய பிளக்-இன் ஹைப்ரிட் காரைப் பார்த்துவிடுவோம். வெளியே பிளக்கில் சார்ஜ் ஏற்றி ஓடியது போர்ஷேயின் முதல் வண்டி. உள்ளேயே கரண்ட் தயாரித்தது இரண்டாவது வண்டி. இரண்டையும் ஒன்றாக்கினால் அதுதான் பிளக்-இன் ஹைப்ரிட். ஈயத்துக்குப் பதில் லித்தியம் பேட்டரி, கணக்குப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர். இவைதான் பெரிய வித்தியாசம். பல மாடல்களில் என்ஜினும் நேராகச் சக்கரத்தை இழுக்கும் என்பது இன்னொன்று.

ராத்திரி வீட்டில் 15 ஆம்பியர் பவர் பிளக்கில் மாட்டிவிட்டால், 12 யூனிட் பிடிக்கும் பேட்டரி விடிவதற்குள் நிறைந்துவிடும். எர்த் சரியாக இருக்க வேண்டும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டக் கூடாது, ஒயர் சூடாகும். பெரும்பாலான வண்டிகள் ஒரு சார்ஜில் 40-லிருந்து 80 கிலோமீட்டர் பெட்ரோலைத் தொடாமலே போகும். பேட்டரி இறங்கிவிட்டால் என்ஜின் தானாக எழுந்துகொள்ளும். ஓட்டுபவர் கையிலும் சில சுவிட்சுகள் உண்டு. ஒன்று முழுக்கக் கரண்டிலேயே போக. ஒன்று இரண்டையும் கலந்து போக. இன்னொன்று சார்ஜைச் செலவழிக்காமல் பத்திரப்படுத்த. மலைக்காரனுக்கு மூன்றாவது சுவிட்ச்தான் முக்கியம். சமதரையிலேயே பேட்டரியைத் தீர்த்துவிட்டு வந்தால், கொண்டை ஊசி வளைவில் மோட்டார் கை கொடுக்காது, என்ஜின் தனியாக மூச்சு வாங்கும். சில வண்டிகளில் ஓடும்போதே என்ஜினை வைத்து பேட்டரியை நிரப்பும் சுவிட்சும் உண்டு. அவசரத்துக்குச் சரி. தினமும் அப்படிச் செய்தால் பெட்ரோலைக் கரண்டாக்கி, கரண்டை மறுபடி ஓட்டமாக்கி, ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் கமிஷன் கொடுக்கிற கதைதான்.

இறக்கத்தில்தான் வேடிக்கை. ஊட்டியிலிருந்து இறங்கும் லாரிகளின் பிரேக் லைனிங் கருகும் வாசனை நடுவட்டம் இறக்கத்தில் நமக்கெல்லாம் பழக்கம். அந்த வாசனை என்பது ஏறும்போது செலவழித்த டீசல்தான். சூடாகிக் காற்றில் போகிறது. 2,000 கிலோ எடையுள்ள ஒரு கார் ஊட்டியில் நிற்கும்போது, கூடலூரில் நின்றதைவிட ஆறு யூனிட்டுக்கு மேல் சக்தியை வெறும் உயரமாகவே சேர்த்து வைத்திருக்கிறது. ஹைப்ரிட் காரில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியைப் பிடித்து இழுத்து, அந்தச் சக்தியில் ஒரு பங்கை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். முழுசும் வராது, டயரும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். வந்தவரை லாபம், பிரேக்கும் பிழைக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஊட்டியில் ராத்திரி முழுக்க மாட்டி நூற்றுக்கு நூறு ஏற்றிக்கொண்டு கிளம்பினால், இறக்கத்தில் வரும் கரண்டுக்கு உள்ளே இடம் இருக்காது. பைக்காரா தாண்டும்வரை ஏற்ற இறக்கத்தில் கொஞ்சம் காலியாகும் என்றாலும், மேலே இருக்கும்போது எண்பதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். குடம் நிறைந்திருந்தால் மழை பெய்து என்ன பிரயோஜனம்?

பைக்காரா என்றதும் ஒரு விஷயம். 1932-லேயே அங்கே தண்ணீரில் கரண்ட் எடுத்து, கோவை மில்களை ஓட்டியவர்கள் நம்ம மலைக்காரர்கள். உயரத்தைக் கரண்டாக்குவது நமக்குப் புதிது இல்லை.

போர்ஷேயிடம் திரும்புவோம். 1901-ல் செம்பர் விவஸைத் திருத்தி, முன்னால் ஒரே பெரிய டைம்லர் என்ஜின் வைத்து மிக்ஸ்டே என்ற காரைக் கொண்டுவந்தார். 1902-ல் வியன்னா அருகே எக்ஸல்பெர்க் மலையேற்றப் போட்டியில் ஹைப்ரிட் வண்டியைத் தானே ஓட்டி ஜெயித்தார். மலைரோட்டில் ஜெயித்த ஹைப்ரிட்! ஆனால் விலை அதிகம், பராமரிப்பும் அதிகம். பணக்காரர்கள் சிலர்தான் வாங்கினார்கள். சாதா பெட்ரோல் கார் மலிவாகிக்கொண்டே வந்தது. அதே வருஷம் ராணுவப் பயிற்சிக்குப் போனபோது இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டுக்கு டிரைவராக இருந்தார். 1914-ல் சராயேவோவில் திறந்த காரில் போகும்போது சுட்டுக்கொல்லப்பட்டாரே, முதல் உலகப் போருக்குக் காரணமான அந்த இளவரசர்தான்.

1906-ல் ஆஸ்ட்ரோ-டைம்லர் கம்பெனியின் தொழில்நுட்ப இயக்குநரானார் போர்ஷே. போர் வந்தது. ராணுவத்துக்கு ஒரு பிரச்சினை. 38, 42 சென்டிமீட்டர் வாய் உள்ள ராட்சத பீரங்கிகளை மலைமேல் கொண்டுபோக வேண்டும். அவர் தன் பழைய ஹைப்ரிட் யோசனையைத் தூசி தட்டி எடுத்தார். முன்வண்டியில் பெரிய என்ஜினும் ஜெனரேட்டரும். பின்னால் வரும் டிரெய்லர்களின் சக்கரங்களுக்குள் மோட்டார்கள். கேபிள் வழியாகக் கரண்ட். எல்லாச் சக்கரமும் தானே இழுக்கும், அதனால் வழுக்காது. தண்டவாளத்திலும் போகும், ரோட்டிலும் போகும். இந்த வேலைகளுக்காக 1917-ல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஃபீஸ் கட்டாமல் பாடம் கேட்ட அதே இடம்! முதலில் படித்தபோது எழுந்து கைதட்டத் தோன்றியது. எதற்காகக் கொடுத்தார்கள் என்று யோசித்ததும் கை கொஞ்சம் தயங்கியது.

நடுவில் உள்ள வருஷங்களைச் சுருக்கிச் சொல்கிறேன். 1923-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குப் போய் டைம்லரில் பெரிய பதவி, பந்தயக் கார்கள், இன்னொரு கௌரவ டாக்டர் பட்டம், முதலாளிகளோடு சண்டை, ராஜினாமா. 1931-ல் ஸ்டுட்கார்ட்டில் சொந்த டிசைன் ஆபீஸ். அதில் பங்குதாரர்களில் ஒருவர் அடால்ஃப் ரோசன்பெர்கர், கார்ப் பந்தய வீரர், யூதர்.

இனி வருவதை விட்டுவிட்டு எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் அது போர்ஷேயின் வாழ்க்கையாக இருக்காது. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். சாமானியனுக்கு மலிவான கார் வேண்டும் என்ற திட்டத்தை 1934-ல் போர்ஷே ஏற்றுக்கொண்டார். இன்று நாம் வண்டு என்று சொல்லும் ஃபோக்ஸ்வாகன் கார் அதுதான். 1935-ல் ரோசன்பெர்கர் தன் பங்கை அற்பத் தொகைக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதே வருஷம் முகாமில் அடைபட்டு, பிறகு அமெரிக்காவுக்குப் போய்ப் பிழைத்தார். கம்பெனி அவர் இல்லாமல் வளர்ந்தது. 1937-ல் போர்ஷே நாஜிக் கட்சியில் உறுப்பினரானார்.

அந்தக் காருக்கு விலை 990 மார்க். வாரம் 5 மார்க் ஸ்டாம்பு வாங்கி ஒட்டினால், நம்ம ஊர்ச் சீட்டு மாதிரி, முடிவில் கார். சுமார் 3,36,000 பேர் கட்டினார்கள். போர் முடியும்வரை ஒருத்தருக்கும் கார் கிடைக்கவில்லை. தொழிற்சாலை ராணுவ வண்டிகள் செய்யப் போய்விட்டது. போர்க் கைதிகள், முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், பிடித்த நாடுகளிலிருந்து இழுத்துவரப்பட்டவர்கள் என்று ஏறத்தாழ 20,000 பேர் அங்கே கட்டாய உழைப்புக்கு ஆளானார்கள். அந்தத் தொழிற்சாலையை நடத்தியவர்களில் போர்ஷேயும் ஒருவர். தகரப் பட்டறையில் அப்பாவோடு உட்கார்ந்து கைகாப்புக் காய்த்தவர் இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்? தேயிலைக் காட்டில் எடைபோடும் இடத்தில் நின்று பழகிய வீட்டிலிருந்து வந்தவன் நான். என்னால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஹைப்ரிட்டும் அவரை விடவில்லை. 1942-ல் டைகர் டாங்கிக்குப் போட்டி டிசைன் கொடுத்தார். இரண்டு பெட்ரோல் என்ஜின், ஜெனரேட்டர்கள், மின் மோட்டார்கள். செம்பர் விவஸ்தான், 60 டன் எடையில்! சோதனையில் மக்கர் செய்தது, சூடேறியது, தாமிரமும் ஏராளமாகத் தேவைப்பட்டது. ஹென்ஷல் கம்பெனியின் சாதாரண கியர் பாக்ஸ் டாங்கி ஜெயித்தது. ஏற்கெனவே செய்துவிட்ட ஏறத்தாழ 90 அடிச்சட்டங்களை வீணாக்காமல் பீரங்கி வண்டிகளாக்கி, அவர் பெயரையே ஃபெர்டினாண்ட் என்று வைத்து, 1943-ல் ரஷ்யாவின் கூர்ஸ்க் போர்க்களத்துக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் 188 டன்னில் இன்னொரு டாங்கி போட்டார். இரண்டே இரண்டு மாதிரிதான் உருவானது.

1945 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் அவரைக் கைது செய்தார்கள். 70 வயதில் சிறை. டிஜோன் நகரச் சிறையில் உடம்பு உடைந்துபோயிற்று. மகன் ஃபெர்ரி, இத்தாலியக் கம்பெனி ஒன்றுக்குப் பந்தயக் கார் டிசைன் செய்து கொடுத்து, அந்தப் பணத்தைக் கட்டி 1947 ஆகஸ்டில் அப்பாவை ஜாமீனில் மீட்டார். 1948-ல் ஆஸ்திரியாவில் க்முண்ட் என்ற சின்ன ஊரில் மகன் போர்ஷே 356 காரைச் செய்தார். அதைக் கிழவர் பார்த்துவிட்டார். 1950 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலைக்குப் போய் வந்தார். ரோடெல்லாம் அவருடைய வண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நாளில் பக்கவாதம் தாக்கியது. 1951 ஜனவரி 30-ஆம் தேதி ஸ்டுட்கார்ட்டில் இறந்தார். வயது 75.

அவர் பெயர் தாங்கிய கம்பெனி பனமேரா மாடலில் பிளக்-இன் ஹைப்ரிட்டை 2013-ல் கொண்டுவந்தது. ஃபெர்டினாண்ட் டாங்கிகளில் ஒன்று இன்னும் ரஷ்யாவில் மாஸ்கோவுக்கு அருகே மியூசியத்தில் நிற்கிறது. 1900-ல் செய்த செம்பர் விவஸ் மிஞ்சவில்லை. பழைய படங்களையும் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு, ஸ்டுட்கார்ட் மியூசியத்துக்காக அதே மாதிரி ஒன்றைச் செய்து 2011-ல் ஜெனீவா கார் கண்காட்சியில் வைத்தார்கள். அது ஓடுகிறது.